உண்டியலை எல்லாரும் பார்க்க எண்ணுறோம். அரசாங்கக் கணக்கைப் பார்த்துச் சொன்னவருக்கு மட்டும் ஏன் சிறை?

தைப்பூச வேலை முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது. தண்ணீர்ப் பந்தல்ல நின்னவங்க, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சவங்க, மூணு நாளா குப்பை அள்ளின பிள்ளைங்க எல்லாருக்கும் நன்றி. படங்களை அடுத்த பதிவில போடுறோம். இது வேற விஷயம். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எங்க ஆலயத்துல மாசத்துக்கு ஒரு ஞாயிறு உண்டியல் திறப்போம். மண்டபத்துல பாய் விரிச்சு, கதவைத் திறந்து வச்சு எண்ணுவோம். பொருளாளர் இருப்பார், தொண்டூழியர் நாங்க இருப்போம், அன்னிக்குச் சாமி கும்பிட வந்தவங்கள்ல ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்போம். மஞ்சள் துணியில முடிஞ்ச ஒரு வெள்ளி நோட்டைக்கூடப் பிரிச்சுக் கணக்குல சேர்ப்போம். மூணு கையெழுத்து. மறுவாரம் அறிவிப்புப் பலகையில கணக்கு.

போன வருஷம் அந்தப் பலகையில கூட்டல் தப்புன்னு ஒரு பையன் காட்டினான். ஆறாம் ஆண்டு படிக்கிறவன். 340 வெள்ளி வித்தியாசம். தலைவருக்கு முகம் சிவந்துபோச்சு. ஆனா சரிபார்த்தா பையன் சொன்னதுதான் சரி. திருத்தி ஒட்டினோம். அவனுக்கு அன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கரண்டி கூட.

இப்ப எங்களை உறுத்துற விஷயத்துக்கு வர்றோம்.

எங்க தொண்டூழியர் குழுவிலேயே ஒரு தம்பி இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. எந்த அலுவலகம், எந்த ஊர்னு சொல்ல மாட்டோம், கேட்காதீங்க. சங்கங்களுக்குப் போகும் மானியக் கோப்புகள் அவர் மேசை வழியாகத்தான் போகும். ஒருநாள் மடப்பள்ளிக்குப் பின்னால எங்களைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: ஒரே முகவரியில் மூணு சங்கம் பதிவாகி இருக்கு, மூணுக்கும் பணம் போயிருக்கு, நடக்காத நிகழ்ச்சிக்குச் சாப்பாட்டு பில் வந்திருக்கு. "அண்ணே, நான் என்ன செய்யட்டும்?"

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வழக்கறிஞர் அக்காவிடம் கேட்டோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "கோப்பு மேல சூலிட் முத்திரை இருக்கா?" இருக்கு. "அப்படின்னா முதல்ல வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

நாங்க அப்படியே சொன்னோம். முருகன் சந்நிதிக்குப் பத்தடி தள்ளி நின்னு, உண்மையைச் சொல்ல வந்தவரிடம் "வேண்டாம் தம்பி, குடும்பம் இருக்கு" என்று சொன்னது நாங்கள்தான். அவர் சரின்னார். அதுக்கப்புறம் கோயிலுக்கு வர்றதே இல்லை.

"ஏன், நம்ம நாட்டுலதான் சட்டம் இருக்கே?" என்று சிலர் கேட்பீங்க. இருக்கு. 2010ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 711. அந்த அக்காவை உட்கார வச்சு ஒவ்வொரு பிரிவா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. தகவல் சொன்னவரின் அடையாளம் வெளியே வரக்கூடாது. அவர் மேல் வழக்குப் போடக்கூடாது. அவரைப் பழிவாங்கினால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை. அடேங்கப்பா என்று இருக்கும்.

2010ல் இயற்றப்பட்ட வடிவத்தில் ஆறாவது பிரிவைப் பாருங்க. அமலாக்க அமைப்பிடம் சொல்லலாம் என்று கொடுத்துவிட்டு, அடியிலேயே ஒரு வரி: வேறு எந்தச் சட்டமாவது அந்தத் தகவலை வெளியிடக்கூடாது என்று குறிப்பாகத் தடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லைன்னு இருந்துச்சு. தடுக்கும் சட்டங்களுக்கா நம்ம நாட்டுல பஞ்சம்? 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கு. அதில் ஒரு அதிகாரி இது இரகசியம்னு சான்று கொடுத்தால் நீதிமன்றம்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது. தண்டனை குறைஞ்சது ஓராண்டு, கூடினால் ஏழாண்டு. தண்டனைச் சட்டத்தில் 203ஏ பிரிவு இருக்கு. வேலை நிமித்தம் தெரிஞ்சதை வெளியே சொன்னால் ஒரு மில்லியன் ரிங்கிட் வரை அபராதம். வங்கிச் சட்டம் தனி. கதவைத் திறந்து வச்சு வாசல்ல குழி வெட்டின மாதிரிதான் இது.

அமலாக்க அமைப்பிடம் மட்டும்தான் சொல்லணும். எம்.பி.யிடம் சொன்னால் பாதுகாப்பு கிடையாது. பத்திரிகையிடம் சொன்னால் கிடையாது. எட்டாவது பிரிவுப்படி புகார் கொடுத்தவரே அந்த இரகசியத்தை வெளியில் பேசக்கூடாது, பேசினால் அவர்தான் குற்றவாளி. சரி, புகாரை வாங்கிக்கிட்டு அமைப்பு மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிட்டா? அதுக்குச் சட்டத்தில் வழி இல்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

2010ல் இயற்றப்பட்ட வடிவத்தில் பதினோராவது பிரிவு இன்னும் அழகு. தகவல் சொன்னவரும் அந்தத் தப்பில் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பை ரத்து செய்தாகணும்னு இருந்துச்சு. ஊழலை உள்ளே இருந்து பார்த்தவர் யார்? மேலதிகாரி சொன்னார்னு கையெழுத்துப் போட்ட கிராணிதானே? அவரையே தள்ளி வச்சா, தெருவில் போறவர் வந்து சாட்சி சொல்லுவாரா? 2024ல சபா சுரங்க உரிம விவகாரத்துல காணொளிகள் வெளிவந்தப்ப, காணொளியில இருந்தவங்களைப் பற்றிப் பேசினதைவிட, வெளியிட்டவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று பேசினதுதான் அதிகம். அவர் நல்லவரா கெட்டவரா என்று நாங்க வாதாட வரலை. சட்டம் எங்க இடறுதுன்னு காட்டத்தான் சொல்றோம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நடந்திருக்கு. தேசிய மாட்டுப் பண்ணைத் திட்டத்துக்கு அரசாங்கம் 250 மில்லியன் ரிங்கிட் கடன் கொடுத்தது நினைவிருக்கா? அந்தப் பணம் எங்க போச்சு என்ற கேள்வி வந்தபோது, வங்கிக் கணக்கு விவரம் வெளியே வந்தது. அதை வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிஸி ரம்லி மீதும் ஒரு வங்கிக் கிளர்க் மீதும் 2012ல் வழக்கு. ஐந்தரை வருஷம் இழுத்து, 2018 பிப்ரவரியில் ஆளுக்கு 30 மாதச் சிறை. பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்தது, உண்மைதான். அரசியல்வாதிக்குக் கட்சி இருக்கு, பேர் இருக்கு. பிறகு அமைச்சராவே ஆனார். அந்தக் கிளர்க்கை யாருக்காவது ஞாபகம் இருக்கா? அத்தனை வருஷம் அவர் வீட்டுச் சோற்றுக்கு யார் பதில் சொன்னது?

1எம்டிபி கணக்கறிக்கையும் அப்படித்தான். நாட்டுப் பணத்தை நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்த அறிக்கை. அதையே இரகசியம்னு முத்திரை குத்தினாங்க. அதில் ஒரு பக்கத்தை 2016ல் வெளியிட்டதற்கு அதே எம்.பி.க்கு 18 மாதச் சிறைத் தண்டனை விதிச்சாங்க. மேல்முறையீட்டில்தான் அது நன்னடத்தைப் பிணையாக மாறியது. 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் அதே அறிக்கையின் இரகசியத்தை எடுத்துட்டாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடி நாட்டுக்கு ஆபத்தா இருந்த காகிதம் மறுவாரம் ஆபத்தில்லாமப் போச்சு. அப்ப யாருக்குத்தான் ஆபத்தா இருந்துச்சு?

நம்ம சமுதாயத்துக்கு இது இன்னும் கிட்டத்தில் இருக்கு. மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கினாங்க. 2021ல் எஸ்பிஆர்எம் அதில் புகுந்து விசாரிக்க வேண்டி வந்தது. அதுக்கு முன்னாடி காப்பிக் கடையில எத்தனை கதை கேட்டோம்! எல்லாம் 'அவர் சொன்னார், இவர் சொன்னார்'தான், காகிதம் ஒண்ணு கிடையாது. மத்திய அரசு அளவில் தகவல் பெறும் உரிமைச் சட்டமே நம்ம நாட்டில் இல்லை. சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநிலச் சட்டம் இருக்கு, ஆனால் அது மாநில அரசு காகிதத்துக்கு மட்டும். கேட்டு வாங்க வழியும் இல்லை, தெரிஞ்சவர் சொல்லவும் வழி இல்லை. மைக்கா காலத்துல நகையை அடகு வச்சுப் பங்கு வாங்கின நம்ம பெற்றோர் கடைசிவரைக்கும் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கிட்டேதானே போனாங்க.

"சட்டத்தைத் தளர்த்தினா ஆளாளுக்குப் பொய்ப்புகார் போடுவாங்க, நல்லவங்க பேர் கெடும்" என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். நியாயமான பயம்தான். கோயில் அரசியலில் மொட்டைக் கடுதாசி என்ன செய்யும்னு எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சே பொய் சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று இப்பவே சட்டத்தில் இருக்கு. அது இருக்கட்டும், நாங்க எடுக்கச் சொல்லலை. ஆனால் வாயை அடைச்சா பேர் காப்பாற்றப்படும்னு நினைக்கிறவங்க சிங்கப்பூரைப் பாருங்க. மக்கள் நன்கொடையில் நடந்த தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் போகிறார்னு 1990களிலேயே சிலர் சொன்னாங்க. அவங்க மேல அவதூறு வழக்கு. மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கட்டினாங்க. 2005 ஜூலையில், அந்த நிறுவனமே ஒரு நாளிதழ் மேல போட்ட வழக்கில், அது உண்மைன்னு அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 600,000 வெள்ளி சம்பளமும் அங்கேதான் வெளிவந்தது. இரண்டே நாளில் வழக்கு வாபஸ். முதல் ஆள் சொன்னபோதே கேட்டிருந்தா எத்தனை ஏழைங்க போட்ட காசு மிஞ்சியிருக்கும்?

இன்னொரு பேச்சும் வரும்: "முதல்ல உங்க கோயில்களைச் சுத்தம் பண்ணுங்க." வரட்டும், தப்பில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டாத நிர்வாகம், ஆர்ஓஎஸ்ஸுக்குக் கணக்கு அனுப்பாத நிர்வாகம், கேள்வி கேட்ட உறுப்பினரை நீக்குற நிர்வாகம் எல்லாம் நம்மிடையே உண்டு. கோயில் பணத்தைக் கையாடுவதும் குற்றம்தான், அதைச் சொல்ல வர்றவரும் இதே சட்டத்தின் கீழ்தான் வருவார். அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

2025ல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வரும்னு அரசாங்கம் சொன்னப்ப நாங்க கேட்டது இதுதான். வாரியம், குழு, அலுவலகம்னு புதுசா ஏதாவது அமைச்சு பலகை மாட்டிட்டா எங்களுக்குப் போதாது. ஆறாவது பிரிவின் அந்த ஒற்றை வரியை எடுக்கணும். குறைந்தபட்சம், ஊழலை மறைக்க இரகசிய முத்திரை குத்தப்பட்ட காகிதத்துக்கு அது பொருந்தாதுன்னு எழுதணும். புகார் கொடுத்து குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வரலைன்னா எம்.பி.யிடமோ பத்திரிகையிடமோ போகலாம்னு இருக்கணும். பங்கெடுத்தவர் என்பதால் தானாகவே ரத்து என்பது போகணும், அதை ஒவ்வொரு வழக்கா பார்த்து முடிவு பண்ணட்டும். கூடவே, மத்திய அளவில் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அது இல்லாம இது ஒத்தைக் காலில் நிற்கும்.

இதையே ஒரு பக்கக் கடிதமா மலாயிலும் தமிழிலும் எழுதி வச்சிருக்கோம். எங்க வட்டார எம்.பி.க்கு நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கப் போறோம். இந்த ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதிலிருந்து மதியம் ஒரு மணி வரை, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கும். அடையாள அட்டை எண் வேணும். அரசு வேலையில் இருக்கிறவங்க தயவுசெஞ்சு கையெழுத்துப் போடாதீங்க, உங்களுக்கும் சேர்த்து நாங்க போடுறோம். பகிர விரும்புறவங்க பகிரலாம். திட்ட விரும்புறவங்களும் திட்டலாம், ஆனா சாதியையும் கட்சியையும் இழுத்தா நீக்கிடுவோம்.

அந்தத் தம்பி இதைப் படிச்சா: பங்குனி உத்திரத்துக்குப் பூ கட்ட ஆள் பத்தலை. வாங்க. உங்ககிட்ட எதுவும் கேட்க மாட்டோம்.