எல்லா மீனுக்கும் ஒரே தூண்டில் கோலா?

இங்கிலாந்தில் முதன்முதலாகத் தூண்டில் போட ஆசைப்பட்டுக் கடைக்குள் நுழைபவருக்குத் தலை சுற்றிவிடும். தக்கை போட்டுப் பிடிக்க ஒரு கோல், அடியில் ஈயம் போட்டுப் பிடிக்க ஒரு கோல், கெண்டைக்கு ஒன்று, பார்பெலுக்கு ஒன்று, பைக்குக்கு ஒன்று என்று சுவர் முழுக்கச் சாய்த்து வைத்திருப்பார்கள். "எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான். ஒன்று, அப்படி எதுவும் கிடையாது, குறைந்தது மூன்று வாங்குங்கள் என்பது. இன்னொன்று, குழாய்க்குள் குழாய் நுழைகிற மடக்குக் கோலும் ஒரு மலிவான ரீலும் சேர்ந்த பொட்டலத்தை எடுத்து நீட்டுவது. இரண்டுமே தப்பு. அப்படி ஒரு கோல் இருக்கிறது, பல காலமாகவே இருக்கிறது.

'கோர்ஸ்' மீன்பிடிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிரிட்டனில் நன்னீர் மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் (அங்கேயுமா என்று கேட்காதீர்கள்!). சால்மன், டிரவுட் வகையறா 'கேம்' மீன்கள். மற்றவை, அதாவது ரோச், பிரீம், பெர்ச், டென்ச், சப், பார்பெல், கெண்டை, பைக் எல்லாம் 'கோர்ஸ்' மீன்கள். நம்மூரில் மூங்கில் குச்சியில் நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோர்த்துக் குளத்தங்கரையில் உட்காருபவருக்கு ஒரே கணக்குத்தான்: மாட்டினால் குழம்பு. அங்கே அப்படி இல்லை. பிடித்த கோர்ஸ் மீனைப் பெரும்பாலும் முள்ளை எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே மீனை வேறொருவர் பிடிப்பார். ஆகவே கோல் என்பது மீனைக் கரைக்கு இழுக்கிற குச்சி மட்டும் இல்லை. மீன் வாய் கிழியாமல், உயிரோடு திரும்பிப் போகிறதா என்பதும் அதைப் பொறுத்தது.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? "பெரிய மீன் மாட்டினால் உடைந்துவிடுமே" என்று பயந்து, இருப்பதிலேயே முரட்டுக் கோலாகப் பார்த்து வாங்குவார்கள். பிறகு பகல் முழுக்க மாட்டுவதெல்லாம் கையகல ரோச்தான். கோல் அசையக்கூட அசையாது. மீன் தலையை உதறும்போது அந்த உதறலை வாங்கிக்கொள்ள வளைவு இல்லாததால், மெல்லிய உதட்டிலிருந்து முள் பிய்த்துக்கொண்டு வரும். பிடித்தவருக்கும் கையில் ஒன்றும் தெரியாது. சலித்துப்போய் இரண்டாவது வாரமே கோல் பரணுக்குப் போய்விடும். இதற்கு நேர் எதிராக, சாட்டை போன்ற மெலிந்த கோலை வாங்கியவருக்கு ஒரு நல்ல டென்ச் மாட்டினால் அது நேராக அல்லிக்கொடிக்குள் பாயும். தடுத்து நிறுத்த கோலில் தெம்பு இருக்காது. நரம்பு அறுந்து, முள்ளையும் தொங்கும் நரம்பையும் சுமந்துகொண்டு மீன் போகும். முந்தையதைவிட இது மோசம்.

சரி, கோலின் பலத்தை எப்படி அளப்பது? அங்கே அதற்கு 'டெஸ்ட் கர்வ்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கோலின் அடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை நரம்பால் இழுக்க வேண்டும். நுனி அடிக்குச் செங்குத்தாக, 90 பாகை வளைவதற்கு எத்தனை பவுண்டு இழுவிசை தேவையோ அதுதான் அந்தக் கோலின் டெஸ்ட் கர்வ். அதை 5-ஆல் பெருக்கினால் அந்தக் கோலுக்குப் பொருத்தமான நரம்பின் பலம் ஏறக்குறைய வந்துவிடும். 1.25 பவுண்டு கோலுக்கு 6 பவுண்டு நரம்பு. கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், 4-லிருந்து 8 வரை தாங்கும். ரொம்பவும் தள்ளிப் போனால் ஒன்று நரம்பு அறும், அல்லது கோல் திணறும்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம் வரும். 1.25 பவுண்டு என்றால் அரை கிலோவுக்குச் சற்று மேல்தானே, அதற்கு மேல் எடையுள்ள மீன் மாட்டினால் கோல் போய்விடாதா என்று. போகாது. 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். கிட்டத்தட்ட 20 கிலோ! பிரிட்டனில் அன்றைக்கு அதுதான் சாதனை. (அந்த மீனைச் சமைக்கவில்லை, லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள்.) அவர் கையில் இருந்தது அவரே வடிவமைத்த 10 அடிக் கோல். மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து, ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்தது. அதன் டெஸ்ட் கர்வ் 1.5 பவுண்டு அளவுதான். 1980-இல் அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் 51.5 பவுண்டு கெண்டையைப் பிடித்து அந்தச் சாதனையை முறியடித்தபோதும் அவர் பயன்படுத்தியது அதே வகை மூங்கில் கோல்தான்.

அப்படியானால் இன்றைக்குக் கெண்டைக்கு என்று 3 பவுண்டு, 3.5 பவுண்டு கோல்களை ஏன் விற்கிறார்கள்? மீன் கனத்துவிட்டது என்பதற்காக மட்டும் இல்லை. 3 அவுன்ஸ், 4 அவுன்ஸ் ஈயத்தைப் பெரிய ஏரியில் நூறு கஜத்துக்கு அப்பால் வீசி எறிய வேண்டும், அதற்குத்தான் அந்த முரட்டுத்தனம். கோலைத் தீர்மானிப்பது முக்கியமாக எறிகிற எடையும் நரம்பின் பலமும்தான். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புதிதாக வருகிறவர் உட்காரப்போவது சின்னக் குளத்திலும் கால்வாயிலும் சிற்றாற்றிலும். எறியப்போவது பத்துப் பதினைந்து கஜ தூரம். இதற்கு எதற்கு பீரங்கி?

ஆக, வாங்க வேண்டியது 'ஏவன்' வகைக் கோல். (ஏவன் என்ற பெயரில் அங்கே பல ஆறுகள் உண்டு.) நீளம் 11 அல்லது 12 அடி, டெஸ்ட் கர்வ் 1.25 பவுண்டு. அதிலும் இரட்டை நுனி வைத்ததாகப் பார்த்து வாங்கினால் ரொம்ப நல்லது. அடிப்பகுதி ஒன்றுதான், மேல்பகுதி மட்டும் இரண்டு தருவார்கள். ஒன்று சாதாரணமானது, தக்கை போட்டுப் பிடிக்க. மற்றொன்றில் தீக்குச்சி போல மெலிந்த நுனியைச் செருகிக்கொள்ளலாம். ஈயத்தோடு இரை அடியில் கிடக்கும்போது மீன் லேசாகத் தொட்டாலே அந்த நுனி துடிக்கும். ஒரே ரீல், ஒரே பை, இரண்டு முறை மீன்பிடிப்பு. காலையில் தக்கை போட்டு ரோச், சாயங்காலம் அடியில் ரொட்டித் துண்டு போட்டு சப். மூன்று கோல் வாங்கினால் மூன்று ரீலும் வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் கடைசியில்தான் சொல்வார்.

போட்டிகளில் பிடிக்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தக்கைக்கு 13 அடிக் கோல்தான் சரி, 11 அடியில் நரம்பைக் கட்டுப்படுத்த முடியாது என்பார்கள். ஓடுகிற ஆற்றில் அது உண்மைதான். நரம்பு தண்ணீரில் படிந்து தக்கையை இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிப் பிடிக்க நீளம் வேண்டும். அதனால் ஆற்றில் தக்கை போடுவதுதான் முக்கிய ஆசை என்றால் 12 அடி வாங்கலாம். புதரும் மரக்கிளையும் மூடிய சிற்றோடை என்றால் 11 போதும். பைக்குக்கு மட்டும் இந்தக் கோலைத் தொடவே வேண்டாம். அதன் பல்லுக்குக் கம்பி வேண்டும், இரையாகப் போடும் செத்த மீனின் எடையைத் தூக்கி எறியப் பலமான கோல் வேண்டும். வெள்ளம் புரளும் டிரென்ட், செவர்ன் போன்ற பெரிய ஆறுகளில் கனத்த ஈயம் போடவும் இது ஆகாது. இந்த இரண்டுக்கும் ஆசை வந்தால் அப்போது தனிக் கோல் வாங்கிக்கொள்ளலாம், முதல் நாளே தேவையில்லை.

கடையில் வெறுமனே ஆட்டிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. எல்லாக் கோலும் காற்றில் நன்றாகத்தான் ஆடும். கோலைப் பொருத்தி, வளையங்களில் நரம்பைக் கோர்த்து, கூட வந்தவரிடம் நரம்பின் முனையைக் கொடுத்துவிட்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். லேசாக இழுத்தால் நுனி மட்டும் வளைய வேண்டும். பலமாக இழுக்க இழுக்க வளைவு நடுப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் ஒரே சீராக இறங்கி வர வேண்டும். நுனி மட்டும் தொங்கி மற்றது விறைப்பாக நின்றாலோ, இணைப்பு இருக்கிற இடத்தில் கோணலாக மடிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். நரம்பு எங்கேயாவது கோலின் உடம்பில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். உரசினால் வளையங்கள் குறைவு என்று அர்த்தம். மடக்குக் கோல்கள் பெரும்பாலும் இந்தப் பரீட்சையிலேயே தோற்றுவிடும்.

கோல் வாங்கிய கையோடு உரிமமும் எடுத்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 13 வயது முதல் அது கட்டாயம், 13 முதல் 16 வரை இலவசம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை. பெரும்பாலான குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் அந்தத் தடை இல்லை என்பதால், புதுக் கோலை வாங்கியவர் அந்த மூன்று மாதமும் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.