எலியைப் பேச விடுங்கள்

பிபிசி தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் சிபிபிசி சேனலில் 2009இல் தொடங்கிய 'ஹாரிபிள் ஹிஸ்டரிஸ்' பற்றி எழுதுகிறேன். டெரி டியரியின் புத்தகங்களை வைத்து எடுத்த குழந்தைகள் தொடர் அது. 2010இல் பெரியவர்களின் நிகழ்ச்சிகளோடு போட்டியிட்டு, சிறந்த ஸ்கெட்ச் நிகழ்ச்சிக்கான பிரிட்டிஷ் காமெடி விருதையே தட்டிக்கொண்டு போனது. சரித்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், பொய் மட்டும் கூடாது என்பது அது தனக்குப் போட்டுக்கொண்ட வரம்பு. நடுநடுவே ராட்டஸ் என்ற பொம்மை எலி வந்து, 'இது நிஜம்தான்' என்று சாட்சி சொல்லும்.

ஒரு காட்சியில் அந்த வரம்பு மீறப்பட்டது. ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோலை, நிறத்தின் காரணமாக ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் திருப்பியனுப்பியதாக அதில் வந்தது. கிரிமியப் போர்முனைக்குத் தாதியாகப் போக சீக்கோல் லண்டனில் முயன்றதும், அதிகாரிகள் கைவிரித்ததும் உண்மை. தன் தோலின் நிறம்தான் காரணமோ என்று 1857இல் வந்த தன் வரலாற்றில் அவரே ஐயப்பட்டிருக்கிறார். ஆனால் மறுத்தவர் நைட்டிங்கேல் என்பதற்கு ஆதாரமில்லை. 2014இல், பிபிசியின் அப்போதைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட், இது குறித்து வந்த புகாரை ஏற்றது. அந்தக் காட்சியை இனி ஒளிபரப்புவதில்லை என்று முடிவானது.

தவறை ஒப்புக்கொண்டது சரி. காட்சியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்ததுதான் உறுத்துகிறது. அதற்கு முன்பே விற்ற டிவிடிகளைத் திரும்ப வாங்கவா முடியும்? அவற்றில் பொய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிஜிட்டல் பிரதியில் சத்தமில்லாமல் வெட்டினாலோ, பொய்யோடு சேர்ந்து சீக்கோலுக்கு நிஜமாகவே நடந்த அவமதிப்பும் போய்விடுகிறது. போர்முனைக்குத் தன் சொந்தச் செலவில் போய், பாலக்லாவா அருகே விடுதி நடத்திய பெண்மணி அவர். இன்னொரு தடவை வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டியவர் அல்ல. (பழைய 'டாக்டர் ஹூ' தொடரின் ஒளிநாடாக்களை அழித்துவிட்டு, பிறகு அவற்றை உலகமெல்லாம் தேடிய நிறுவனத்துக்கு, அழிப்பதன் இழப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.)

இனி இந்தத் தொடரை எந்த வடிவில் வெளியிட்டாலும் அந்தக் காட்சியை முழுதாகவே வையுங்கள். அது முடிந்ததும் ராட்டஸை வரவழைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல வையுங்கள். அரை நிமிடம் போதும். வேறு எதையாவது நீக்கியே ஆக வேண்டுமென்றால், நீக்கியதையும் அதற்கான காரணத்தையும் அந்த எபிசோடின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.