சூடு பிறக்கும் இடம்

"அண்ணை, மத்தியானத்தில சார்ஜ் ஏறுதில்லை, பின்னேரம் தன்ரபாட்டில ஏறுது." சித்திரை வெயில் தொடங்கியதும் யாழ். குடாநாட்டு வேலைத்தளங்களில் இந்த முறைப்பாடு அடிக்கடி கேட்கிறது. உடனே சார்ஜரை மாற்றுகிறோம். சரிவராவிட்டால் சோலர் கொன்ட்ரோலரை மாற்றுகிறோம். ஆனால் வாடிக்கையாளர் ஒரே வசனத்தில் பழுதைச் சொல்லி முடித்துவிட்டார். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் செல்லைப் பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையில்தான் சார்ஜ் செய்யலாம். வெயிலில் பூட்டி நிறுத்திய மீன் வானின் உட்புறம் 50 பாகையைத் தாண்டிவிடும். தகரக் கூரையின் கீழ், மேற்குச் சுவரோடு ஒட்டிய அலுமாரியும் லேசுப்பட்டதல்ல. சூட்டை உணர்ந்து, பற்றரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்துகிறது, பற்றரிப் பெட்டி ஆறியதும் திரும்ப விடுகிறது. அங்கே மாற்ற வேண்டியது பற்றரி இருக்கும் இடத்தை.

பற்றரி திருத்தும் எங்கள் தொழிலின் வேர் ஈயப் பற்றரியில் இருக்கிறது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும், பழைய கார் பற்றரிக்குத் தண்ணீர் விட்டு, நீர்மானி வைத்துப் பார்த்து உயிர் கொடுத்தவர்களும் எங்கள் மூத்த தொழிலாளர்களே. அந்தக் கைத்திறனுக்கு ஈடில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது வீடுகளும் கடைகளும் லித்தியத்தைத் தேடின. பொருள் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. ஈயத்துக்கு 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றும் சமப்படுத்தும் சார்ஜ் நல்ல மருந்து. நான்கு செல் லித்தியப் பெட்டிக்கு 14.6 வோல்ற்றே உச்சி. பழைய கொன்ட்ரோலரில் ஈய அமைப்பை மாற்றாமல் லித்தியத்தைப் பூட்டிவிட்டு, "அடிக்கடி கட் ஆகுது" என்று பி.எம்.எஸ்.ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெட்டி சுடுகிறது என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, சூடு எங்கே தொடங்குகிறது என்பதை. பெரும்பாலும் அது செல்லுக்குள் பிறப்பதில்லை, நட்டுக்கடியில் பிறக்கிறது. கரையோரக் காற்றின் உப்பு, கேபிள் நுனியின் செப்பு லக்கைப் பச்சையாக்கும். செல்லின் முனை அலுமினியம். அதன் மேல் செப்புப் பட்டை இருந்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டுக்கும் இடையே அரிப்பை உண்டாக்கும். வானின் அதிர்வில் நட்டு அரைச் சுற்றுத் தளர்ந்தாலும் போதும். இன்வேட்டர் 100 அம்பியர் இழுக்கும்போது மல்ரிமீற்றரின் ஒரு முனையை லக்கிலும் மறு முனையைச் செல்லின் முனையிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ற்தான் காட்டும். 200 மில்லிவோல்ற் காட்டினால் அந்த ஒரு நட்டில் 20 வாற் எரிகிறது. எங்கள் மேசையில் ஈயத்தை உருக்கும் சோல்டரிங் அயன் 25 வாற். அத்தகைய ஒன்றைச் செல்லின் தலையில் நாள் முழுக்க அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? அந்தச் சூடு முனை வழியாகச் செல்லுக்குள் இறங்கும். வெப்பச் சென்சர் பக்கத்தில் இருந்தால் பி.எம்.எஸ். காப்பாற்றும். ஆனால் பல பெட்டிகளில் சென்சர் ஒன்றோ இரண்டோதான். மூலையில் இருக்கும் செல் எவருக்கும் தெரியாமல் வேகும்.

துப்பாக்கி போன்ற வெப்பமானியை நம்புகிறவர்களுக்கு ஒன்று: பளபளக்கும் உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். நட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள்.

"முந்தி விடியும்வரை நிண்டது, இப்ப பத்து மணிக்கே நிக்குது" என்பது வேறு நோய். செல்கள் சமமாக இல்லை. நான்கில் ஒன்று 3.65 வோல்ற்றைத் தொட்டதும் பி.எம்.எஸ். சார்ஜை வெட்டுகிறது, மற்ற மூன்றும் இன்னும் நிறையவில்லை. இதைப் பாதிச் சார்ஜில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. இந்த வகைச் செல்லின் வோல்ற் 20 வீதத்திலிருந்து 80 வீதம்வரை கிட்டத்தட்ட ஒரே தட்டாகப் போகும். நாலும் ஒன்றுபோலத் தெரியும். சார்ஜ் முடியும் கடைசி நிமிடங்களில் செல் செல்லாக அளக்க வேண்டும். பி.எம்.எஸ். செல்களைச் சமப்படுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. சரியாக வர நாட்கள் எடுக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீற்றர் பூச்சியம் காட்டும் பெட்டி செத்ததாக இருக்க வேண்டியதில்லை. பி.எம்.எஸ். கதவைப் பூட்டியிருக்கலாம், பற்றரி வோல்ற்றைக் காணாத சார்ஜரும் வேலையைத் தொடங்காது. குறைந்த மின்னோட்டத்தில் எழுப்பலாம், செல்களை அளந்த பிறகு. 2 வோல்ற்றுக்குக் கீழே பல நாள் கிடந்த செல்லை எழுப்பவே கூடாது. உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்திருக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளே குறுக்குச் சுற்றை உண்டாக்கும்.

பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி வயர் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும். பொஸ்பேற் செல் மற்ற லித்தியங்களைவிடச் சாது என்பது உண்மை. சாது என்றால் எரியாது என்று பொருளல்ல. வீங்கிய செல்லிலிருந்து வரும் வாயு தீப்பற்றும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதுபோன்ற தீ விபத்துகளுக்குப் பிறகே இந்தியா தன் மின் வாகனப் பற்றரி விதிகளை இறுக்கியது. எங்கள் ஊரிலும் பற்றரி படுக்கையறைச் சுவரோடுதான் இருக்கிறது.

வானில் இரண்டாவது பற்றரி பூட்டுகிறவர்கள் ஓல்டர்னேற்றரிலிருந்து நேரே இழுக்க வேண்டாம். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும். எஞ்சின் மெதுவாகச் சுழல்கையில் ஓல்டர்னேற்றர் தன்னை ஆற்றிக்கொள்ள முடியாமல் கருகும். ஓட்டத்தில் பி.எம்.எஸ். திடீரென வெட்டினால் ஓல்டர்னேற்றரின் டயோட்டுகள் போகும். இடையில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவுகள் சிபாரிசு செய்யும், உள்ளே சூடாக்கும் தகடு வைத்த பற்றரிக்கு இங்கே வேலையில்லை. உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும் என்பதற்காக அங்கே வைத்தது அது. அந்தப் பணத்தைத் தடித்த கேபிளுக்கும் நல்ல லக்குக்கும் செலவிடச் சொல்லுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியசக்தி, 2,400 கிலோவாற் மணித்தியாலப் பற்றரி என்று 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. அங்கேயும் இதே உப்புக் காற்று, இதே நட்டுகள்தான். படகேறிப் போய் அளக்கத் தெரிந்த கைகள் இங்கிருந்தே போக வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிப் பாடத்தில் செல் அளவீடும் இணைப்பு அளவீடும் செய்முறையாக வரவேண்டும் என்று கேட்கிறோம்.

நாங்கள் அளக்காமல் விடுவதற்குக் காரணம் சோம்பலல்ல. பாகம் மாற்றினால் காசு, அளந்தால் காசில்லை என்பதே காரணம். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் திகதி, சார்ஜ் முடிவில் ஒவ்வொரு செல்லின் வோல்ற், ஒவ்வொரு இணைப்பின் மில்லிவோல்ற், கொன்ட்ரோலரில் வைத்த அளவு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அதற்கான கூலியைப் பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.