தூது செல்ல மறுத்த தூதுவர்

அமெரிக்காவின் பொதுமக்கள் கலைக்குச் சிறந்த பிரதிநிதி யார்? கல்லூரி மாணவர் மன்றங்களுக்கு இதனினும் வாய்ப்பான விவாதப் பொருள் கிடைத்தல் அரிது. எல்விஸ் பிறெஸ்லி என்பார் சிலர். மேரிலின் மன்றோ என்பார் வேறு சிலர். மைக்கேல் ஜக்சன் என்று மேசையில் ஓங்கி அடிப்பார் பலர். வீட்டுச் சிறுவரைக் கேட்டாலோ மிக்கி மவுஸ் என்று ஒரே குரலில் விடை வரும். புகழை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வழக்கு என்றுமே தீராது. ஆதலின், பிரதிநிதி என்னும் சொல்லை முதற்கண் ஆராய்வோம்.

பிரதிநிதி என்பவர் பிறர் பொருட்டுப் பேசுபவர். அவருக்குச் சொந்த நாவு வேண்டும். சொல்லத் தகாததைச் சொல்லுமாறு ஏவும்போது மறுக்கும் துணிவும் வேண்டும். இவ்விலக்கணத்தை வைத்துக்கொண்டு வேட்பாளர்களை ஒருவர் பின் ஒருவராக நோக்குவோமாக.

மிக்கி மவுஸ் 1928 நவம்பரில் நியூயோர்க் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் ஒலியுடன் தோன்றியவன். அவனை அறியாத தேசம் இல்லை. ஆயினும், சொந்தக்காரக் கம்பனி விரும்பாத ஒரு சொல்லையேனும் அவன் இதுகாறும் பேசியதுண்டோ? 2024 சனவரி முதலாந் திகதி தொடக்கம் அந்த முதற்படம் அமெரிக்காவிலே பொதுச் சொத்தாகிவிட்டது. இனி யாரும் அவனைப் பேசவைக்கலாம். எனினும் தானாகப் பேசுதல் வேறு. சிறுவர் நம்மை மன்னிப்பாராக.

சார்ளி சப்ளின் இலண்டனிலே பிறந்தவர். அமெரிக்கப் பிரசாவுரிமையை அவர் என்றுமே பெறவில்லை. 1952 இல் அவர் கப்பலேறி இங்கிலாந்து நோக்கிச் சென்றபோது, திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு இரத்துச் செய்தது. மீண்டும் அழைத்துக் கௌரவப் பரிசு அளித்தது 1972 இலேதான். அந்நாடே தன்னவரல்லர் என்று இருபது ஆண்டு வெளியே நிறுத்திய ஒருவரை அதன் பிரதிநிதி என்று வாதிடுவது வக்கீல்களுக்கே கடினம். மேரிலின் மன்றோவைப் படக்கம்பனி வடித்த பதுமை என்று ஒதுக்குவோர், அவர் அக்கம்பனியை எதிர்த்து நின்று 1955 இல் தாமே ஒரு கம்பனியை அறிவித்ததை அறியார் போலும். ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் முகத்தையேயன்றி அவர் சொல்லையன்று. இது உலகின் குறையே.

எல்விஸின் கட்சி வலியது. 1954 இல் மெம்பிஸ் நகரிலே வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்திலே கறுப்பினப் பாடகர் ஆதர் குறூடப்பின் பாட்டு. மறுபக்கத்திலே வெள்ளையர் கிராமிய இசையில் வந்த பில் மன்றோவின் பாட்டு. ஒரே நாட்டில் வேறு வேறு வாசல்களால் நடந்த இரு கூட்டத்தாரின் இசையையும் ஒரு தட்டிலே முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தவர் அவர். 1992 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் அவருக்கு முத்திரை வெளியிட எண்ணி, இளமை எல்விஸா முதிர்ந்த எல்விஸா என்று பொதுமக்களிடம் வாக்கெடுப்பே நடத்தியது. (இளமையே வென்றது என்று சொல்லவும் வேண்டுமோ!) ஆனால் அந்த மனிதர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே ஒரு பொதுக் கச்சேரியேனும் செய்தாரல்லர். தம் காலத்துப் பெரும் வழக்குகளிலே வாய்திறக்கவும் அவர் விரும்பினாரல்லர்.

முகம்மது அலியின் கட்சியாரோடு நாம் சண்டைக்குப் போகோம். 1967 இல் போர்ச் சேவையை மறுத்து உலகப் பட்டத்தை இழந்தவர் அவர். நமது அளவுகோலுக்கு அவர் முழுதும் பொருந்துவார். எனினும் எதிர்த்து நிற்பது அவர் இயல்பு. உலகமும் அதனையே அவரிடம் எதிர்பார்த்தது. நாம் முன்மொழியும் மனிதரிடம் ஒருவரும் அதனை எதிர்பார்க்கவில்லை. எந்நேரமும் சிரித்த முகமும் கையில் வெள்ளைக் கைக்குட்டையுமாக மேடையில் நின்ற லூயிஸ் ஆம்ஸ்ட்றோங்கே அவர்.

நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் வறிய சேரி ஒன்றிலே 1901 இல் பிறந்தார். 1912 ஆம் ஆண்டின் கடைசி இரவிலே, புத்தாண்டுக் களிப்பில் தெருவிலே கைத்துப்பாக்கியைச் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கேயிருந்த வாத்தியக் குழுவிலேதான் கோர்ணெற் என்னும் ஊதுகருவியை முறையாகக் கற்றார். பின்னர் சிக்காகோ சென்று, 1925 முதல் 1928 வரை சிறு குழுக்களோடு அவர் பதிந்த இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. அதுவரை எல்லோரும் கூடி ஊதுவதே ஜாஸ் மரபு. ஒருவர் தனித்து நின்று, கற்பனையை விரித்து, ஒரு கதை சொல்வதுபோல் வாசிக்கலாம் என்று காட்டியவர் இவர். சொல்லே இன்றி ஒலிகளால் மட்டும் பாடும் முறையைப் பரப்பியவரும் இவரே. பிங் குறொஸ்பி போன்ற வெள்ளையினப் பாடகரும் இவரிடம் கற்றதை மறைக்கவில்லை.

இத்தகையவரை அமெரிக்க அரசு விட்டுவைக்குமா? சோவியத் நாட்டோடு பனிப்போர் நடந்த காலம் அது. அமெரிக்காவிலே கறுப்பினத்தவர் நடத்தப்படும் விதத்தைச் சோவியத் வானொலி நாள்தோறும் எடுத்துக்கூறிற்று. அதற்கு மறுமொழியாக அமெரிக்க இராசாங்கத் திணைக்களம் ஜாஸ் இசைஞரை நாடு நாடாக அனுப்பத் தலைப்பட்டது. டேவ் புறூபெக் 1958 இலும் டியூக் எலிங்ரன் 1963 இலும் நமது இலங்கைக்கு வந்து வாசித்ததும் அந்த ஏற்பாட்டிலேதான். ஆம்ஸ்ட்றோங்கைச் சோவியத் நாட்டுக்கே அனுப்ப எண்ணியிருந்தனர்.

அவ்வேளையில் வந்தது 1957 செப்டெம்பர். பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று 1954 இலேயே உயர்நீதிமன்றம் தீர்த்திருந்தது. அதன்படி ஆர்க்கன்சோ மாநிலத்து லிட்டில் றொக் நகரிலே ஒன்பது கறுப்பின மாணவர் மத்திய உயர்பாடசாலைக்குச் சென்றனர். மாநில ஆளுநர் போபஸ் ஆயுதந் தாங்கிய காவற்படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். வாசலிலே நின்றது வேறொன்றுமன்று. புத்தகம் ஏந்திய பிள்ளைகள். சனாதிபதி ஐசனோவர் மூன்று வாரம் தயங்கியிருந்தார்.

அந்நாட்களில் ஆம்ஸ்ட்றோங் வட டக்கோட்டாவிலுள்ள கிறாண்ட் போர்க்ஸ் என்னும் சிற்றூரிலே கச்சேரிக்காகத் தங்கியிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவர், கல்லூரி மாணவர், அவரைக் காணச் சென்றார். அரசியல் கேட்கவேண்டாம் என்பது ஆசிரியரின் கட்டளை. மாணவரல்லவா, கேட்டுவிட்டார்! ஆம்ஸ்ட்றோங் பொங்கினார். சனாதிபதிக்கு நெஞ்சுரம் இல்லை என்றார். ஆளுநரைப் பற்றி அச்சில் ஏற்றவியலாத சொற்களால் பேசினார். தெற்கிலே தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசின் பொருட்டுச் சோவியத் நாட்டுக்குத் தாம் செல்வதில்லை என்றார். பத்திரிகை அலுவலகத்தார் நம்பவில்லை. நிருபர் மறுநாள் எழுதியதை அவரிடமே கொண்டுபோய்க் காட்ட, ஒரு சொல்லும் நீக்கவேண்டாம் என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவருடைய பயண அலுவலர் செய்தியை மறுக்க முயன்றபோது, அம்மறுப்பையும் ஆம்ஸ்ட்றோங் மறுத்தார்.

தெற்கிலே ஒரு வானொலி நிலையம் அவரது இசைத்தட்டுகளைத் தூக்கி வீசிற்று. சில நாட்களின் பின், செப்டெம்பர் 24 இல், ஐசனோவர் லிட்டில் றொக்குக்கு இராணுவத்தை அனுப்பினார். மறுநாள் பிள்ளைகள் உள்ளே சென்றனர். ஆம்ஸ்ட்றோங்கின் பேச்சினாலேதான் அது நடந்தது என்று நாம் கூறோம். படை சென்றதும் சனாதிபதியைப் பாராட்டி அவர் தந்தி அடித்தார் என்பதையும் கூறாதிருப்பது நேர்மையன்று.

இவர்மீது குறை கூறுவோரும் உளர். வெள்ளையரை மகிழ்விக்கப் பல்லைக் காட்டும் பழைய அடிமையின் மரபு இது என்று இளைய கறுப்பின இசைஞரே அவரைச் சாடினர். அவ்வாறு சாடியவருள் ஒருவரான டிஸ்ஸி கிலெஸ்பி, பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குள்ளே எது இருந்தது என்பதை 1957 காட்டிவிட்டது என்பதே நம் கருத்து. வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே தூதுவன் பணிவது வேந்தனுக்கு. இவரோ வேந்தனை விட்டு, வாசலில் நின்ற ஒன்பது பிள்ளைகளின் பக்கம் போனார்.

அவர் குழுவிலே வெள்ளையரும் கறுப்பரும் கலந்திருந்தனர். 1956 இல் லூயிசியானா மாநிலம் அத்தகைய கலப்பு மேடைகளைத் தடைசெய்தது; 1965 வரை அவர் தாம் பிறந்த நகரிலே வாசிக்கச் சென்றாரல்லர். 2001 இல் அந்நகரத்து விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1964 இல், 62 வயதில், ஒரு நாடகப் பாட்டைப் பாடி, பீற்றில்ஸ் குழுவை அமெரிக்க இசைத்தட்டு வரிசையின் முதலிடத்திலிருந்து இறக்கியதும் இவரே. இளைஞர் மன்றங்களில் இந்தச் செய்தி நன்கு எடுபடும்!

அவர் 1928 இல் பதிந்த ‘வெஸ்ற் எண்ட் புளூஸ்’ என்னும் இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. தொடக்கத்திலே வேறெந்த வாத்தியமுமின்றி அவருடைய ட்றம்பெற் தனியே எழும்; சில விநாடிகளே. அதனைக் கேட்டபின்னும் எல்விஸின் பக்கமே நிற்போர் தம் காரணங்களை எழுதியனுப்புக. அடுத்த வாரம் அவற்றுக்கு இடம் ஒதுக்குவோம்.