கதலிப்பழமும் கலியாண மண்டபமும்

“சிக்கனமாயிருங்கள்” என்ற உபதேசம் நமக்குப் புதியதன்று. நாட்டின் திறைசேரி வற்றும்போதெல்லாம் அது நம் செவியில் ஓதப்படுகின்றது. ஓதுபவர் யாரெனப் பார்ப்பின், குளிரூட்டிய வாகனத்தில் வந்திறங்கி, மாலை மரியாதைகளை ஏற்றுக்கொண்டு மேடையேறுபவராகவே பெரும்பாலும் இருக்கின்றார். கேட்பவர் யார்? காலையிலே ஒரு கோப்பைத் தேநீர், ஒரு புதினப்பத்திரிகை, கிழமைக்கொரு முறை நல்லெண்ணெய் முழுக்கு என்று வாழ்க்கையை நடத்தும் ஆசிரியர். வெங்காயத்துக்கு நீர் இறைத்துவிட்டு வரப்பிலே குந்தி வெற்றிலை மடிக்கும் கமக்காரர். இவர்களுடைய இந்தச் சிற்றின்பங்களே நாட்டைக் கெடுத்த ஆடம்பரங்கள் போலும்!

நாம் சிக்கனத்தின் பகைவரல்லர். யாழ்ப்பாணத்தவனுக்குச் சிக்கனம் கற்பிக்க வருபவர் மீனுக்கு நீச்சல் பழக்க வருபவரே. ஆனால் ஆடம்பரம் என்ற சொல்லை எதன்மேல் எறிவது என்று தீர்மானிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார் என்றே கேட்கின்றோம்.

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1953 ஆம் ஆண்டிலே பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஒரே பாய்ச்சலில் ஏற்றப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் பகலுணவும் வீண் செலவென்று நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அதன் பின்னராவது ஆட்சியாளர் பாடம் படித்தனரா? 2018 ஆம் ஆண்டு வரையில், பெண்கள் மாதந்தோறும் பாவிக்கும் சுகாதார அணையாடைக்கு இந் நாட்டிலே நூற்றுக்கு நூறு வீதத்துக்கும் மேல் இறக்குமதி வரிகள் சுமத்தப்பட்டிருந்தன. வரி விதித்த பெருமக்களுக்கு அதுவும் ஓர் ஆடம்பரம்!

பின்னர் 2022 வந்தது. ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசு கைவிரித்தது. ஓகஸ்டிலே சொக்லேற், வாசனைத் தைலம், தலைமுழுகும் ஷாம்பு என ஏறத்தாழ 300 வகைப் பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. டொலர் இல்லாத வீட்டிலே கொள்முதலைக் குறைக்கத்தான் வேண்டும். அதை அறியாதவர்களல்லர் நாம். ஆயினும் அடுத்த மாதமே, செப்ரெம்பரிலே, கொழும்பில் ஏறத்தாழ 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரத்தின் கதவுகள் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. தெற்கே மத்தளையில் விமானங்கள் வாராத விமான நிலையம் 2013 முதல் நின்றுகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் அபிவிருத்தி என்றனர். பிள்ளையின் கையிலிருந்த சொக்லேற்றை ஆடம்பரம் என்றனர். கஜானாவைக் காலி செய்தது எதுவென்று கணக்காளர் எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிற்றின்பம் எத்துணைப் பெரிய விடயம் என்பதைத் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நாமே அதற்குச் சாட்சி. 1990 இல் வடபகுதியின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. மின்சாரம் போயிற்று. எரிபொருளும் மின்கலமும் போயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு, அந்தக் குன்றிமணி வெளிச்சத்திலே நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். சவர்க்காரம் அகப்படாதபோது பாட்டிமாரின் வழக்கத்துக்கு மீண்டு, பனம்பழக் களியிலே துணி தோய்த்தனர். இவையெல்லாம் அத்தியாவசியங்கள் எனலாம். ஆனால் சைக்கிளை முற்றத்திலே தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலி கேட்டார்களே, அது என்ன? செய்தி முடிந்ததும் கை ஓய்ந்ததா? இல்லை. பாட்டு முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுழற்றினர். கோடு போட்ட கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சாகி வந்தபோது ஒரு பிரதியைப் பத்து வீடுகள் வாசித்தன. எறிகணை விழும் ஊரிலே பாட்டும் பத்திரிகையும் எதற்கென்று அன்று எவரும் கேட்கவில்லை. மனிதன் வெறும் வயிறன்று என்பதை அந்தச் சைக்கிள் மிதியைச் சுழற்றிய கைகள் அறிந்திருந்தன.

மலையகத்துக்கு வாருங்கள். அங்கே கொழுந்து பறிக்கும் நம் சகோதரிக்கு நாட்கூலி 1000 ரூபா என்பது, பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021 இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று. அவர் பறித்த கொழுந்திலே உயர்ந்த தரம் கப்பலேறுகின்றது. அவர் பாத்திரத்திலே கொதிப்பது தூள். அந்தத் தூள் தேநீருக்குச் சீனி போடுவதையும் கணக்குப் பார்க்கச் சொல்கின்ற சிக்கனவாதியின் முகத்தை நாம் நேரிற் காண விரும்புகின்றோம்.

இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம் வீட்டுக்கு வருவோம். ஏனெனில் இந்த நோய் கொழும்பில் மாத்திரம் இல்லை.

நமது படித்த வகுப்பாரைப் பாருங்கள். மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், மலர் வளைவு, தேர் போன்ற வண்டி, வானிலே பறந்து படம்பிடிக்கும் கருவி என இலட்சங்கள் கரைகின்றன. கலியாணம் என்றால் கேட்கவே வேண்டாம். அச்செலவை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை, கௌரவம் என்கின்றனர். அந்தக் கனவானே மறுநாட் காலையிற் சந்தைக்குப் போகின்றார். நிலத்திலே சாக்கு விரித்து, நீர்வேலிக் கதலிச் சீப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி குந்தியிருக்கின்றார். “இருபது ரூபா குறைச்சுத் தாங்கோ ஆச்சி” என்று பேரம் தொடங்குகின்றது. குளிரூட்டிய பேரங்காடியிலே விலைச்சீட்டைக் கண்டு வாய் திறவாத இந்த நாக்கு, ஆச்சியின் முன்னே எத்தனை சாதுரியம் பேசுகின்றது! நேற்றைய மண்டபக்காரனிடம் இருபதாயிரம் குறைக்கச் சொல்லக் கூசிய வாய் இது.

ஆச்சி தோற்றுப்போவது அங்கே மாத்திரமன்று. குலையைச் சந்தைக்கு ஏற்றிவரும் கமக்காரனிடம் ‘கழிவு’ என்ற பெயரிலே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைத் தள்ளிவிட்டு எடை போடும் வழக்கம் நம் சந்தைகளில் நெடுங்காலமாகக் கமக்காரரின் மனக்குறையாக இருந்து வந்திருக்கின்றது. தராசுத் தட்டிலே பத்திலொன்று. பேரத்திலே இன்னொரு பங்கு. மிகுதியைக் கொண்டு அவன் மருந்தும் உரமும் வாங்க வேண்டும். 2021 இலே இரசாயன உரத்தை ஒரே இரவிலே தடைசெய்து, ஏழு மாதங்கூட நில்லாது அதை மீளப்பெற்ற ஆட்சியின் கூத்தையும் அவன்தான் தாங்கினான்.

நாம் சொல்ல வந்தது இதுவே. செக்கிலாட்டிய நல்லெண்ணெய் ஒரு போத்தல், குட்டானில் வந்த பனங்கட்டி, வைகாசி ஆனியிலே கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முற்றத்துப் பந்தலில் விளைந்த முந்திரிகைக் குலை: இவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவன்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் சுகத்திலே ஒரு சீவற்றொழிலாளியின் அடுப்பு எரிகின்றது. தகரப் பெட்டியில் வந்த அந்நிய இனிப்பிலே அது எரியாது.

காந்தியடிகளைக் காட்டி நம்மை மடக்க நினைப்போர் உண்டு. நல்லது, காந்தியையே பார்ப்போம். 1927 நவம்பரிலே அவர் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை அழைத்த வாலிப காங்கிரசார் கதருடுத்தியிருந்தனர். கதர் ஆலைத்துணியிலும் விலை கூடியது. முரட்டுத் துணி வேறு. மலிவே சிக்கனம் என்றால் லங்காஷயர்த் துணியை அல்லவா அவர் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்? கூடுதலாகக் கொடுத்து அயலவன் நூற்ற துணியை வாங்கு என்றார். கைநூல் நூற்றவளின் கூலியை அவர் ஆடம்பரமாகக் கருதவில்லை.

இன்னொன்றையும் உத்தியோக வகுப்பார் மறத்தலாகாது. ஒரு காலத்திலே தென்னிலங்கைப் பட்டினங்களெங்கும் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடைகள் இருந்தன. பகல் முழுதும் வயலிலே உழைத்த சிங்களக் குடியானவன் மாலையிலே பற்றிய சுருட்டு, நம்மூர்ப் புகையிலைத் தோட்டத்தில் விளைந்தது. (சுருட்டை நாம் புகழ வரவில்லை, அது நெஞ்சுக்குச் செய்யும் கேட்டை வைத்தியர்களான எம் வாசகர்கள் நன்கறிவர்.) ஆயினும் அந்தக் குடியானவனின் சில சதங்களிலேதான் எத்தனையோ யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஆங்கிலக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினர், வழக்கறிஞராயினர், வைத்தியராயினர். பிறனுடைய சிற்றின்பத்தாற் கோட்டு அணிந்த குலம், இன்று தன் அயலவனிடம் வாழைப்பழம் வாங்கக் கணக்குப் பார்க்கின்றது!

“இறக்குமதியைத் தடைசெய்தாற் கமக்காரன் பிழைப்பான், 1970 முதல் 1977 வரை பிழைத்தானே” என்று சிலர் சொல்வர். உண்மைதான். அக்காலத்திலே மிளகாயும் வெங்காயமும் வடபுலத்திலே பொன்னாக விளைந்தன, கல்வீடுகள் எழுந்தன. 1977 இன் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்ததும் விலை சரிந்து, கடன்பட்டுத் தோட்டம் செய்தவன் கடனோடு நின்றான். ஆனால் அதே காலத்து ஆட்சிதான் பாண் வரிசையையும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும், 1972 அரசியலமைப்பையும் நமக்குத் தந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பொற்காலமென்று பாட நாம் ஆயத்தமாயில்லை. கொழும்பின் தயவிலே ஏறிய விலை கொழும்பின் கையசைவிலே இறங்கும். நம் அயற்கிராமத்தவன் மனமொப்பிக் கொடுக்கும் விலையை எந்த அமைச்சரும் வர்த்தமானியிலே பறிக்க இயலாது.

ஆகவே இரண்டு கேட்கின்றோம். சந்தைகளை நடத்தும் பிரதேச சபைகள், தராசிலே கழிவு தள்ளும் வழக்கம் எங்கெங்கு எஞ்சியிருப்பினும் அதை வேரோடு நீக்க வேண்டும். நம்மவர் வாக்கில் அமர்ந்த சபைகளுக்கு இதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. மற்றது வாசகருக்கு. ஆவணிக் கலியாணத்துக்கு மண்டபம் பேசப் போகும் அன்பர், போகும் வழியிலே சந்தையடியில் வண்டியைச் சற்று நிறுத்தட்டும். ஆச்சியிடம் ஒரு சீப்புக் கதலி வாங்கட்டும். விலை பேச வேண்டாம். பேரத்தை மண்டபக்காரனுக்கு வைத்துக்கொள்ளட்டும்.