கல்லில் கணக்கு இருக்கு, பேர் எங்கே?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற சகோதரிகள் அங்கே நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். பேரம் பேசுகிற அவசரத்தில் அதில் பதித்த கல்லைப் படிக்க யாருக்கு நேரம்? இங்கிருந்து 302 பேர் 1914-1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த 41 பேர் யார், எவர்? ஒருத்தர் பேர்கூட இல்லை.

இது திருச்சிக்கு மட்டும் உள்ள குறை இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், ஆள் அனுப்பின ஊர்களில் வெள்ளைக்கார அரசாங்கம் இதே மாதிரி கற்களைப் பதித்தது. பட்டணமானாலும் பட்டிக்காடானாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணிக்கை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கேயோ ஒரு பழைய சுவரில், சுண்ணாம்புக்கு அடியிலோ சுவரொட்டிக்குப் பின்னாலோ அது இருக்கும்.

மளிகைச் சிட்டையில்கூட துவரம்பருப்பு என்று பேரை எழுதிவிட்டுத்தான் ரெண்டு கிலோ என்று போடுகிறோம். உயிரை விட்டவனுக்கு வெறும் எண்ணிக்கை போதுமா?

பேர் போட்டு கல் நடுவது நமக்குப் புதுசு இல்லையே! செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, சுமார் 1,400 வருஷம் ஆகிறது. எருமைகளைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு எடுத்த கல். கருந்தேவக்கத்தி என்று அவன் பேர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் உருவம் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எருமை காத்த நாய்க்குப் பேர் உண்டு. கடல் தாண்டிப் போய்ச் செத்த நம் பிள்ளைகளுக்கு இல்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சொந்த ஊரில்தான் இப்படி என்றால் செத்த இடத்திலும் இதே கதை. அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் போல இறந்தார்கள். இன்றைய ஈராக்கில்தான் நம் சிப்பாய்கள் அதிகம் மடிந்தது. 1929-ல் பஸ்ராவில் பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரர் என்றால் சாதாரண சிப்பாய்க்கும் பேர். இந்தியர் என்றால் அதிகாரிக்கு மட்டும் பேர், மற்றவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும்! இந்தக் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், பாரபட்சம் காட்டியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021-ல். நூறு வருஷம் ஆகியிருக்கிறது அதற்கு.

"வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு நாம எதுக்கு மரியாதை செய்யணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போனவன் ராஜாவைக் கும்பிட்டுக்கொண்டா போனான்? வீட்டில் கடன், வயலில் தண்ணி இல்லை, பட்டாளத்தில் சேர்ந்தால் மாசம் பிறந்தால் மணியார்டர் வரும் என்று போனவர்கள் எத்தனை பேரோ. அந்தப் பணத்தில் உலை வைத்தவள் நம்மைப் போல ஒருத்திதானே? கொடி யாருடையதாக இருந்தால் என்ன, செத்தது அவள் பிள்ளை. சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த வீரர்களுக்கு டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பேர்களைத் தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. அதற்கு முன்னால் போனவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

1914 செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி மெட்ராஸ் மேல் குண்டு போட்டு எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன். இன்றைக்கும் பொல்லாத பையனைப் பார்த்து "சரியான எம்டன்" என்கிறோம். எதிரியின் கப்பல் பேர் நம் வாயில் தங்கிவிட்டது, நம் வீட்டு ஆள் பேர் தங்கவில்லை. வேடிக்கைதான் போங்கள்.

இனி தேடினால் கிடைக்குமா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இப்போது எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பேரும் ஊரும் அதில் உண்டு. காலேஜ் போகிற பிள்ளைகளைக் கேட்டால் உட்கார்ந்து தேடிக் கொடுப்பார்கள். பஞ்சாப்காரர்களைப் பாருங்கள். லாகூர் மியூசியத்தில் கிடந்த, சுமார் 3,20,000 பேர் விவரம் உள்ள பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 2021 முதல் வெளியிட ஆரம்பித்தார்கள்.

அதைவிட முக்கியம், நம் வீட்டுப் பரண். அந்தக் காலத்து மெடலின் விளிம்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், சிப்பாயின் நம்பர், பேர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். வெள்ளி மெடல் என்பதால் எத்தனை மெடல் உருகிக் கொலுசாகி இருக்குமோ! இறந்தவர் வீட்டுக்கு வெண்கலத்தில் ஒரு வட்டத் தட்டும் அனுப்பினார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பெண்ணும் சிங்கமும் நிற்கும், ஒரு கட்டத்துக்குள் இறந்தவர் பேர் எழும்பிய எழுத்தில் இருக்கும். என்ன ஏது என்று தெரியாமல் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பரண் சுத்தம் செய்கிறவர்கள் நாம்தானே, ஆம்பளைகளா செய்கிறார்கள்?

அப்புறம் ஊர்க் கிழவிகள். பாட்டி வழியாகக் கேட்டதை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டுத் தாத்தா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை, யார் தாலியைக் கழற்றமாட்டேன் என்று கடைசிவரை இருந்தாள் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சில்தான் வரும், ஆபீஸ் பைலில் வராது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் எழுதிவிட வேண்டும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், அத்தனை வீட்டில் பட்டாளத்துக்காரர்கள். அந்த மாதிரி ஊர்களில் எழுத ஆரம்பித்தால் ஒரு நோட்டு போதாது.

பேர் கிடைத்ததும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஏதாவது ஒன்றில் எழுந்து கேட்கலாம். பழைய கல்லைப் பிடுங்க வேண்டாம், அதுவும் சரித்திரம்தான். பக்கத்தில் இன்னொரு கல், தமிழில். அகர வரிசையில், சாதிப் பேர் ஒட்டாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று தகராறு வந்துவிடும். கிடைத்தால் அம்மா பேரோ மனைவி பேரோ கூடச் சேர்க்கலாம். ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பற்றிப் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருப்பதை மேடைக்கு மேடை சொல்லிக் கை தட்டல் வாங்குகிறார்கள். அந்தத் தாய்க்கும் பேர் இல்லை, கவனித்தீர்களா?

செலவு பெரிசாக ஆகாது, ஊரில் நாலு பேர் கொடுத்தால் போதும். ஆனால் ஒன்று, கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி 'உபயம்' எழுதுவோமே, அந்த மாதிரி கொடுத்தவர்கள் பேரை அந்தக் கல்லில் பெரிசாகப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்