கடலைப் பார்க்கலாம், பவளத்தைப் பறிக்கலாமா?

ஓமலூருக்குக் கடல் கிடையாது. சரபங்கா ஆறு உண்டு. பக்கத்தில் மேட்டூர் அணை உண்டு. ஏற்காடு மலை உண்டு. விடுமுறை வந்தால் குடும்பங்கள் இந்த இடங்களுக்குத்தான் போகின்றன. ராமேசுவரம் போகிறவர்கள்தான் கடலைப் பார்க்கிறார்கள்.

அவர்களும் என்ன செய்கிறார்கள்? அக்கினி தீர்த்தத்தில் முழுகுகிறார்கள். கோவிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடுகிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். கடையில் சங்கு, சோழி வாங்குகிறார்கள். ஊர் திரும்பி விடுகிறார்கள். அந்தக் கடலுக்குள் ஓர் அதிசய உலகம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்!

21 தீவுகள்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள கடல், மன்னார் வளைகுடா. அதில் கரையை ஒட்டினாற்போல் வரிசையாக 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள்.

பெயர்தான் பாறை. உண்மையில் அது கல் அல்ல; கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் கோடிக்கணக்கான உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அதன் இடுக்குகளில்தான் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. பக்கத்திலுள்ள கடல் புல்லைக் கடல் பசு மேய்கிறது. பெரிய அலை வந்தால் முதலில் பவளப் பாறையில் மோதி உடைகிறது. தீவும் கரையும் பிழைக்கின்றன.

மூழ்கியவை இரண்டு!

இந்தப் பாறையை மனிதன் சும்மா விடவில்லை. பல ஆண்டுகள் படகு படகாக வெட்டி எடுத்தான். சுண்ணாம்புக்குச் சுட்டான். வீடு கட்டவும் பயன்படுத்தினான். விளைவு என்ன? விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியதே அதற்கு ஒரு முக்கிய காரணம்.

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தோண்டியதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தோண்டிய இடம் குழிதான். பவளம் வளரக்கூடியது என்றாலும், ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட வளராத வகைகள் பல.

1986-ல் அரசு இந்தத் தீவுகளைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2001-ல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. புலியைக் காக்கும் அதே சட்டம்தான் பவளத்தையும் காக்கிறது.

போகாமல் இருப்பது நல்லதா?

“அப்படியானால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது” என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல. பார்க்காத பொருள்மீது பாசம் எப்படி வரும்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் பத்து முறை படிப்பதைவிட, அடியில் கண்ணாடி பதித்த படகில் இருந்து ஒரு முறை பார்ப்பது மேல். தொண்டிப் பக்கம் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் ஊர் மக்களே படகில் அழைத்துச் செல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தீவுகளைக் காக்கப் போட்ட தடையால், அங்கே கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் வருமானம் குறைந்தது. காவல் வேண்டும், ஏழையின் கஞ்சியும் வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் காசு மீனவக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர்களே கடலுக்கு நல்ல காவலர் ஆவார்கள். படகுக்கும் சாப்பாட்டுக்கும் அந்த ஊர்க்காரரையே நாடுவது நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு

கிணற்றில் நீந்தப் பழகிய பிள்ளைக்கும் கடல் புதிதுதான். கரையோரத்தில் கூட நீரோட்டம் இழுக்கும். படகில் மிதவைச் சட்டை போடாமல் உட்காரக் கூடாது. காற்று அதிகம் என்று படகுக்காரர் மறுத்தால், அவரோடு வாதாடக் கூடாது. அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது. காகிதம், பிளாஸ்டிக் எதையும் தண்ணீரில் போடக் கூடாது.

கடற்கரையில் வெள்ளைப் பவளத் துண்டு கிடந்தால் பிள்ளைகள் ஆசையோடு எடுப்பார்கள். “கையில் எடுத்துப் பார், இருந்த இடத்திலேயே வைத்துவிடு” என்று தாய் சொல்ல வேண்டும். அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் தூசி படியும். கரையிலேயே கிடந்தால் மணலோடு மணலாகிக் கரையைக் காக்கும். பிள்ளைக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், அவன் ஊருக்கு வந்து பத்துப் பேருக்குச் சொல்வான். அந்தப் பயணத்தின் பலன் அதுதான்.